ஸ்காட்டிஷ் ஏல்: சுவைத்தலும் மதிப்பிடலும்

ஸ்காட்டிஷ் ஏல் என்பது ஸ்காட்லாந்தில் உருவான, ஹாப்ஸின் கசப்பைவிட மால்ட்டின் சுவை மேலோங்கி நிற்கும் பியர் வகைகளின் பொதுப்பெயர் ஆகும். செம்பு நிறம் முதல் அடர் பழுப்பு வரையிலான நிறமும், ரொட்டியின் மேல்தோல், பிஸ்கட், டாஃபி ஆகியவற்றை நினைவூட்டும் மணமும், மென்மையான கசப்பும் இதன் அடையாளங்கள். வழக்கமான வகைகளில் ஆல்கஹால் அளவு 2.5 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். 'வீ ஹெவி' எனப்படும் வலுவான வகையில் அது 6.5 முதல் 10 சதவீதம் வரை உயரும்.

பியர் போட்டிகளில் இவ்வகையை மதிப்பிடுவது எளிய வேலை போலத் தோன்றும். மால்ட் மணக்கிறதா, கசப்பு குறைவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்ற எண்ணம் எழலாம். உண்மையில் இதில் தவறுவதற்கு இடம் அதிகம். ஏனெனில் மால்ட்டின் சுவையைப் போலவே நடிக்கும் குறைகள் சில உண்டு. வெண்ணெய் வாடை, முழுமையாக நொதிக்காத சர்க்கரை, பழையதாகிப்போன பியரின் சாயல் ஆகிய மூன்றும் அவசரமாகச் சுவைப்பவருக்கு 'நல்ல கனமான மால்ட்' என்றே தோன்றக்கூடும். இவை போதாதென்று, ஸ்காட்லாந்து பியரைப் பற்றிப் பல காலம் நம்பப்பட்டு வந்த சில கதைகளும் நடுவரின் நாக்கைத் திசைதிருப்புகின்றன.

மால்ட் சுவை என்பது என்ன?

பார்லி மணிகளை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, சூடான காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைக்கும்போது மணிக்குள் அமைலேஸ் முதலிய நொதிகள் உருவாகின்றன. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைக்கும்போது இந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. அந்த இனிப்பு நீரை ஹாப்ஸுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும்.

மால்ட்டின் மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் உலர்த்தும் வெப்பத்தில் நிகழும் மெய்யார் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமி மெய்யார் 1912இல் விவரித்த இவ்வினையில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட அப்பளம் ஆகியவற்றின் மணத்திலும் இதே வினைக்குப் பங்குண்டு. பியரையே அறியாத வாசகருக்கும் மால்ட் மணம் புதியதன்று. ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்தவுடன் எழும் மணத்தில் பெரும்பங்கு மால்ட்டுடையதே.

இங்கே முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. மால்ட் சுவை வேறு, இனிப்பு வேறு. சர்க்கரைக்கு மணம் கிடையாது. டாஃபியையும் வெல்லப்பாகையும் இனிப்போடு சேர்த்தே உண்டு பழகியதால், அவற்றின் மணம் வந்தாலே நாக்கில் இனிப்பு இருப்பதாக மூளை எண்ணிக்கொள்கிறது. நல்ல ஸ்காட்டிஷ் ஏல் ஒன்றில் டாஃபி மணம் நிறைந்திருக்கும். ஆனால் விழுங்கிய பின் வாயில் இனிப்பு தங்காது, ஓரளவு வறண்ட முடிவே இருக்கும். மதிப்பீட்டில் நிகழும் தவறுகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்து பிறப்பவை எனலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மூக்கை விரல்களால் அழுத்தி மூடிக்கொண்டு ஒரு வாய் பருக வேண்டும். மூக்கு அடைபட்டால் நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, உமாமி ஆகியவற்றை மட்டுமே. அப்போது 'இனிப்பு' மறைந்துபோனால் அது மால்ட்டின் மணம். மறையாமல் நின்றால் பியரில் உண்மையாகவே சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. போட்டி மேசையில் யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்றாலும், பழகும் காலத்தில் இதைச் செய்து பார்த்தவருக்கு வேறுபாடு எளிதில் மறக்காது.

வாயில் உணரும் கனமும் இனிப்பும்கூட ஒன்றல்ல. ஊறவைக்கும் நீரின் வெப்பம் 62 செல்சியஸ் பாகையை ஒட்டி இருந்தால் பீட்டா அமைலேஸ் நன்கு வேலை செய்து ஈஸ்ட் உண்ணத்தக்க மால்டோஸை அதிகம் தரும். 68, 69 பாகையில் ஊறவைத்தால் ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்கள் அதிகம் மிஞ்சும். டெக்ஸ்ட்ரின்களுக்கு இனிப்பு மிகக் குறைவு. ஆனால் அவை பியருக்கு வழவழப்பான கனத்தைக் கொடுக்கின்றன. ஆல்கஹால் மூன்று சதவீதமே உள்ள ஒரு ஸ்காட்டிஷ் ஏல் நீர்த்துப்போகாமல் வாயை நிறைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஷில்லிங் பெயர்கள்

ஸ்காட்டிஷ் ஏல் வகைகள் 60/-, 70/-, 80/- என்று ஷில்லிங்கில் குறிக்கப்படுவது வழக்கம். இந்தியாவில் ரூபாய்த் தொகைக்குப் பின்னால் இன்றும் போடப்படும் அதே குறிதான் இது. பழைய பிரித்தானிய நாணய முறையில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15இல் தசம நாணயம் வந்தபோது ஷில்லிங் கணக்கு முடிவுக்கு வந்தது. ஆனால் அதே எழுபதுகளில் பீப்பாய் ஏலுக்கு மறுமலர்ச்சி ஏற்பட்டு, வழக்கொழிந்த நாணயத்தின் பெயரால் பியரை விற்பது மீண்டும் பரவியது.

இந்த எண்கள் ஒரு பீப்பாயின் விலையைக் குறித்தவை, வகையைக் குறித்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் 54/- ஸ்டவுட்டும் இருந்தது, 86/- இந்தியா பேல் ஏலும் இருந்தது. வலுவான பியருக்கு விலை அதிகம் என்பதால் எண் கூடினால் வலிமையும் கூடும் என்ற அளவில் மட்டுமே இதற்குப் பொருள். இன்று வகைகளைக் குறிக்க லைட், ஹெவி, எக்ஸ்போர்ட் என்ற சொற்களே பொருத்தமானவையாகக் கருதப்படுகின்றன. இவற்றிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. 'லைட்' பெரும்பாலும் நிறத்தில் மற்ற இரண்டைவிடக் கருமையாக இருக்கும். 'ஹெவி' என்பதன் ஆல்கஹால் நான்கு சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. சிறியது என்று பொருள்படும் ஸ்காட்லாந்துச் சொல்லான 'வீ' சேர்ந்த 'வீ ஹெவி' தான் எல்லாவற்றிலும் வலியது. சிறிய புட்டிகளில் விற்கப்பட்டதால் அந்தப் பெயர். பிரஸ்டன்பான்ஸ் ஊரின் ஃபவுலர் ஆலை தயாரித்த வலுவான ஏல் இப்பெயரைப் புகழ்பெறச் செய்தது.

வீட்டிலும் சிறு ஆலைகளிலும் தயாரிக்கப்படும் பியர்களுக்கான போட்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படுவது, அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் வழிகாட்டி. சுருக்கமாக பி.ஜே.சி.பி. அதன்படி லைட் வகையின் தொடக்க அடர்த்தி 1.030 முதல் 1.035 வரையும், ஹெவி 1.035 முதல் 1.040 வரையும், எக்ஸ்போர்ட் 1.040 முதல் 1.060 வரையும் இருக்கலாம். வீ ஹெவி 1.070இல் தொடங்கி 1.130 வரை செல்லும். நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டு, கரைந்துள்ள சர்க்கரையை அளக்கும் எண்கள் இவை.

கோப்பை மேசைக்கு வந்தபின்

போட்டியில் பியர் பெயரில்லாமல், ஒரு எண்ணுடன் மட்டுமே வரும். ஒரு நடுவருக்கு 60 முதல் 90 மில்லி வரை ஊற்றினால் போதும். குறைந்தது இரண்டு நடுவர்கள் ஒரே பியரைத் தனித்தனியாகச் சுவைத்து எழுதிய பிறகே பேசத் தொடங்குவார்கள். முதலில் பேசிவிட்டால் ஒருவர் சொன்ன சொல் மற்றவரின் மூக்கிலும் ஏறிக்கொள்ளும் என்பதே காரணம்.

ஊற்றியவுடன் செய்ய வேண்டியது முகர்தல். கந்தகச் சேர்மங்கள் போன்ற விரைவில் ஆவியாகும் மணங்கள் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். முதலில் கோப்பையைச் சுழற்றாமல் ஒரு சிறு முகர்வு, பிறகு சுழற்றி ஒரு ஆழ்ந்த முகர்வு, பிறகு கையால் கோப்பையின் வாயை மூடித் திறந்து மற்றொன்று. மூக்கு வெகு விரைவில் களைத்துவிடும் என்பதால் இடையிடையே தன் சட்டைக் கையை முகர்ந்து மூக்கை மீட்டுக்கொள்ளும் நடுவர்களைப் பார்க்கலாம்.

வெப்பநிலை முக்கியம். ஸ்காட்டிஷ் ஏலுக்குப் பொருத்தமானது நிலவறை வெப்பமான 10 முதல் 13 பாகை. குளிர்பெட்டியிலிருந்து 4 பாகையில் வரும் கோப்பையில் மால்ட்டின் மணம் அடங்கிக் கிடக்கும், கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் எழுதப்படும் மதிப்பீடு பியரைப் பற்றியதாக இராது, குளிர்பெட்டியைப் பற்றியதாகவே இருக்கும். உள்ளங்கைகளுக்கிடையே கோப்பையைச் சில நிமிடம் ஏந்தியிருந்து மீண்டும் சுவைப்பதே முறை.

பிறகு நிறமும் தெளிவும் நுரையும். இவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை, மொத்தம் 50இல் மூன்றே புள்ளிகள். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. 20ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஆலைகள் பலவும் நிறத்துக்காகக் கேரமல் சாயத்தைச் சேர்த்தன. ஒரே பியரை வெவ்வேறு அளவு நிறமேற்றி விற்பதும் உண்டு. எனவே அடர் நிறத்தைக் கண்டவுடன் வறுத்த சுவையை எதிர்பார்ப்பது தவறு. கண் சொன்னதை நாக்கு ஆமோதித்துவிடும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் உண்டு.

பருகும்போது பியரை வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை வெளிவிட வேண்டும். தொண்டை வழியே மூக்குக்கு ஏறும் மணமே சுவையின் பெரும்பகுதி. ஒயின் நடுவர்களைப் போலத் துப்பிவிடாமல் பியர் நடுவர்கள் சிறிது விழுங்குவது வழக்கம். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, வாய் வறண்டு முடிகிறதா பிசுபிசுத்து முடிகிறதா என்பதைக் காண அது வேண்டியிருக்கிறது.

வெண்ணெயா, கேரமலா?

ஸ்காட்டிஷ் ஏல் மதிப்பீட்டின் மையச் சிக்கல் இதுதான். டைஅசிட்டைல் என்பது நொதித்தலின்போது தோன்றும் ஒரு சேர்மம். அதன் மணம் வெண்ணெய் தடவிய பாப்கார்னை ஒத்தது. செயற்கை வெண்ணெய் மணமாகப் பாப்கார்னில் சேர்க்கப்பட்டு வந்த பொருளும் அதுவே. ஈஸ்ட் வளரும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளிவிடுகிறது. அது பியரில் மெல்ல டைஅசிட்டைலாக மாறுகிறது. நொதித்தல் முடியும் தறுவாயில் அதே ஈஸ்ட் அதை மீண்டும் உள்ளிழுத்து மணமற்ற பொருளாக்கிவிடும். ஈஸ்ட்டுக்கு அந்த அவகாசம் கொடுக்காமல் பியரைக் குளிரவைத்தாலோ வடித்தெடுத்தாலோ வெண்ணெய் வாடை தங்கிவிடும். பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாத் தொற்றும் இதே வாடையைத் தரும். அப்போது சற்றுப் புளிப்பும் கூடவே வரும்.

ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலர் இதை உணர்ந்துவிடுவார்கள். சிலருக்கு அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. இது திறமைக் குறைவன்று, பிறவி வேறுபாடு. தன்னால் டைஅசிட்டைலை உணர முடியாது என்று அறிந்த நடுவர், அதை உணரக்கூடியவருடன் இணைந்து அமர்வது நல்லது.

இந்தச் சேர்மம் லாகர் வகைகளில் இருந்தால் யாரும் தயங்காமல் குறை என்று எழுதுவார்கள். ஸ்காட்டிஷ் ஏலில் தயக்கம் வருகிறது. காரணம், வழிகாட்டியே இவ்வகையில் பட்டர்ஸ்காட்ச் சாயல் சிறிதளவு இருக்கலாம் என்கிறது. பட்டர்ஸ்காட்ச் என்ற மிட்டாயோ வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சியது, அதாவது ஐயத்துக்குரிய இரண்டு மணங்களும் ஒன்றாகக் கலந்தது. (பெயரில் 'ஸ்காட்ச்' இருந்தாலும் அந்த மிட்டாய் புகழ்பெற்றது இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில்.) எனவே வெண்ணெய் வாடை வீசும் குறையுள்ள பியரை 'வகைக்குரிய பட்டர்ஸ்காட்ச்' என்று பாராட்டவும், உண்மையான டாஃபி மணமுள்ள நல்ல பியரை 'டைஅசிட்டைல்' என்று தண்டிக்கவும் சம வாய்ப்பு இருக்கிறது.

பிரித்தறிய இரண்டு தடயங்கள் உதவும். முதலாவது, தொடு உணர்வு. டைஅசிட்டைல் அதிகமுள்ள பியரை விழுங்கிய பின் நாக்கிலும் அண்ணத்திலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தது போன்ற வழுக்கல் இருக்கும். மால்ட்டின் கேரமலுக்கு இது கிடையாது. இரண்டாவது, காலம். பியர் சூடேறச் சூடேற டைஅசிட்டைல் மேலும் மேலும் துருத்தும், பிற மணங்களை மூடும். மால்ட் மணமோ சூடேறும்போது விரியும். முதலில் டாஃபி, பிறகு பிஸ்கட், பிறகு சிறிது ஆப்பிள், பேரிக்காய் என்று அடுக்கடுக்காகத் தெரியும். பத்து நிமிடம் கழித்தும் ஒரே ஒரு சுவையையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பியரைச் சந்தேகிக்கலாம்.

ஒரு மேசையில் எக்ஸ்போர்ட் வகையில் மூன்று கோப்பைகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றும் 1.050 அடர்த்தியில் தொடங்கியவை. மூன்றையும் முதல் வாயில் 'இனிப்பான, கனமான' பியர் என்று சொல்லிவிடலாம். முதலாவது 1.014இல் முடிந்தது. ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம். அதில் டாஃபி மணம் நிறைந்திருக்கிறது, முடிவு வறண்டிருக்கிறது. இரண்டாவதும் 1.014இல் முடிந்தது, ஆனால் ஈஸ்ட்டை முன்கூட்டியே அகற்றியதால் வெண்ணெய் வாடை. மூன்றாவதில் ஈஸ்ட் சோர்ந்து 1.022இலேயே நின்றுவிட்டது. ஆல்கஹால் சுமார் 3.7 சதவீதம். வாயில் உண்மையான சர்க்கரை பிசுபிசுக்கிறது, காய்ச்சாத மால்ட் நீரின் பச்சை வாடையும் வருகிறது.

நடுவர் மூன்றுக்கும் 'இனிப்பு அதிகம், ஹாப்ஸ் சேர்க்கவும்' என்று எழுதினால் என்ன ஆகும்? முதல் தயாரிப்பாளர் நல்ல பியரைக் கெடுத்துக்கொள்வார். இரண்டாமவரின் அடுத்த பியர் கசப்பான வெண்ணெயாக வரும். மூன்றாமவருடையது கசப்பும் பிசுபிசுப்பும் சேர்ந்ததாக இருக்கும். உண்மையில் இரண்டாமவருக்கு வேண்டியது, நொதித்தலின் இறுதியில் வெப்பத்தைச் சற்று உயர்த்தி இரண்டு மூன்று நாள் காத்திருப்பது. மூன்றாமவருக்கு வேண்டியது, போதிய அளவு நலமான ஈஸ்ட்டும் ஆக்சிஜனும். கோப்பையில் ஒரே சொல்லால் விவரிக்கப்பட்டவற்றுக்கு ஆலையில் முற்றிலும் வேறான மருந்துகள். போட்டிக்கு அனுப்புபவர்களில் பலர் பதக்கத்தைவிட மதிப்பீட்டுத் தாளுக்காகவே கட்டணம் கட்டி, பல வாரம் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்தத் தாளில் எழுதப்படும் ஒரு சொல்லின் எடை விளங்கும்.

தயாரிப்பாளர் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. பியரில் இரண்டு மாதிரிகள் எடுத்து, ஒன்றை மூடிய பாத்திரத்தில் 60 பாகை நீரில் இருபது நிமிடம் போல வைத்துப் பின் ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்து பார்க்க வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை எழுந்தால் டைஅசிட்டைலாக மாறக் காத்திருக்கும் பொருள் இன்னும் இருக்கிறது, பியரைப் புட்டியில் அடைக்கும் நேரம் வரவில்லை என்று பொருள்.

பீட் புகை என்ற கதை

ஸ்காட்லாந்து என்றதும் புகை மணக்கும் விஸ்கி நினைவுக்கு வருவது இயல்பு. சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கப்படும் பீட் என்னும் கரிமண்ணை எரித்து மால்ட்டை உலர்த்துவதால் அந்தப் புகை வருகிறது. ஐலா தீவின் விஸ்கிகள் இதற்குப் பெயர்பெற்றவை. இதிலிருந்து, ஸ்காட்டிஷ் ஏலிலும் பீட் புகை இருக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள். அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்கள் விஸ்கி மால்ட்டை வாங்கித் தங்கள் ஏலில் சேர்த்தார்கள். பி.ஜே.சி.பி.யின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டியும் பீட் சாயலை இவ்வகையில் ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆனால் ஸ்காட்லாந்தின் பெரிய பியர் ஆலைகள் எடின்பரோ, அல்லோவா, டன்பார் போன்ற தாழ்நில ஊர்களில் இருந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அவை பயன்படுத்தியது சாதாரண வெளிர் மால்ட். பழைய ஆலைப் பதிவேடுகளைத் தோண்டி ஆராய்ந்த பியர் வரலாற்றாசிரியர் ரான் பேட்டின்சன் போன்றோர், பீட் மால்ட்டுக்கு அங்கே இடமில்லை என்பதை எடுத்துக்காட்டினர். ஹாப்ஸ் ஸ்காட்லாந்தில் விளையாததால் அதைக் குறைவாகச் சேர்த்தார்கள் என்ற கதையும், மால்ட் நீரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் கேரமலாக்கினார்கள் என்ற கதையும் பதிவேடுகளுக்கு முன் நிற்கவில்லை. எடின்பரோ ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பேல் ஏல் வணிகத்தில் முக்கியப் பங்கு வகித்தவை. ஹாப்ஸ் இல்லாமல் அந்தப் பியரே இல்லை. கென்ட்டிலிருந்து ஹாப்ஸ் வாங்குவது அவர்களுக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

2015இல் வழிகாட்டி திருத்தப்பட்டபோது பீட் புகையிட்ட மால்ட் இவ்வகைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. புகையூட்டிய பியருக்கென்று தனி வகை உண்டு, அங்கே அனுப்பலாம். ஆக, ஒரே பியர் 2014இல் 'வகைக்கு மிகப் பொருத்தம்' என்று பதக்கம் பெற்று, சில ஆண்டுகளில் 'வகைக்குப் பொருந்தாது' என்று ஒதுக்கப்படக்கூடிய நிலை. அந்தப் பியர் மாறவில்லை, வரலாற்றைப் பற்றிய அறிவு மாறியது. பழைய வழிகாட்டியில் பயின்ற நடுவர்கள் புகையைத் தேடும் பழக்கத்தை இன்றும் விடவில்லை என்பது தயாரிப்பாளர்களிடையே உள்ள மனக்குறை.

மற்றொரு நுட்பமும் உண்டு. பீட் சேர்க்காத பியரிலும் சில வேளை மண் வாசமும் மெல்லிய புகைச் சாயலும் வரலாம். நிறத்துக்காகச் சேர்த்த சிறிதளவு வறுத்த பார்லியோ, ஈஸ்ட் உண்டாக்கும் ஃபீனால்களோ காரணமாகலாம். ஆகவே புகை தெரிந்தவுடன் 'பீட் மால்ட் சேர்த்திருக்கிறீர்கள்' என்று எழுதுவது சரியன்று. நடுவருக்குத் தெரிவது மணம் மட்டுமே, பொருள் பட்டியல் அன்று. 'புகைச் சாயல் தெரிகிறது, இன்ன காரணங்கள் இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வயதும் வலிமையும்

ஆக்சிஜன் பட்டுப் பழையதான பியரில் ஈர அட்டைப்பெட்டி, நனைந்த காகிதம் போன்ற வாடை வரும். இது எந்த வகையிலும் குறையே. ஆனால் மால்ட் மிகுந்த வலுவான பியர் பழையதாகும்போது திராட்சைவற்றல், பேரீச்சை, ஷெர்ரி ஒயின் போன்ற மணங்களும் தோன்றும். வீ ஹெவியில் இவை அழகு. மூன்று சதவீத லைட் வகையில் இதே மணம் வந்தால் அந்தப் புட்டி வெயிலிலோ அலமாரியிலோ நெடுநாள் கிடந்திருக்கிறது என்று பொருள். ஒரே மணம் ஓரிடத்தில் புள்ளி கூட்டும், வேறிடத்தில் குறைக்கும்.

வீ ஹெவியில் ஆல்கஹால் நெஞ்சில் இதமான வெம்மையாக இறங்க வேண்டும். நெயில்பாலிஷ் அகற்றும் திரவம் போல மூக்கில் ஏறினாலோ தொண்டையைச் சுட்டாலோ நொதித்தல் வெப்பம் கட்டுமீறிப் போயிருக்கிறது. பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடையும், வேகவைத்த சோள வாடை டைமெத்தில் சல்ஃபைடையும் காட்டும். இவை எல்லா பியர்களுக்கும் பொதுவான குறைகள்.

புள்ளிகள்

பி.ஜே.சி.பி. தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த நிறைவுக்கு 10 என 50 புள்ளிகள். 45க்கு மேல் பெறுவது உலகத்தரம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு, 30 முதல் 37 வரை சிறு குறைகளுடன் நல்லது, 21 முதல் 29 வரை வகையைவிட்டு விலகியது அல்லது குறையுள்ளது, அதற்குக் கீழே பெரிய குறைகள். மேலே கண்ட மூன்று கோப்பைகளில் முதலாவதுக்கு 9, 3, 16, 4, 8 என்று 40 கொடுக்கலாம். வெண்ணெய் வாடையுள்ள இரண்டாவதுக்கு 6, 3, 10, 3, 5 என்று 27 வரும். இரண்டுக்கும் இடையே 13 புள்ளி இடைவெளி. இதைத் தீர்மானித்தது ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொருள்.

ஒரே பியருக்கு இரு நடுவர்கள் கொடுத்த புள்ளிகள் வெகுதூரம் விலகியிருந்தால் பேசிச் சமன்செய்வார்கள். அப்போது புள்ளிகளைச் சராசரி எடுப்பதைவிட, கோப்பையை மறுபடி முகர்ந்து பார்ப்பதே பயன்தரும். ஸ்காட்டிஷ் ஏலில் இத்தகைய விலகலுக்குப் பெரும்பாலும் ஒருவர் டைஅசிட்டைலை உணர்ந்து மற்றவர் உணராமல் போனதே காரணமாக இருக்கும்.

ஒப்பிடத்தக்க பியர்கள்

புத்தகத்தில் படித்து இவ்வகையை அறிய முடியாது, நல்ல எடுத்துக்காட்டுகளைச் சுவைத்தே ஆக வேண்டும். அது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. எடின்பரோவில் 1869இல் தொடங்கிய கலெடோனியன் ஆலை 2022இல் மூடப்பட்டது. மெக்யூவன் நிறுவனத்தின் ஃபவுண்டன் ஆலை அதற்கும் முன்பே போய்விட்டது. 1719இல் டன்பாரில் நிறுவப்பட்ட பெல்ஹேவன் ஆலை 2005இல் இங்கிலாந்தின் கிரீன் கிங் நிறுவனத்தின் கைக்கு மாறினாலும் இயங்கி வருகிறது. ஆர்க்னி ஆலையின் 8.5 சதவீத 'ஸ்கல் ஸ்பிளிட்டர்' வீ ஹெவிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எல்லோரும் சுட்டிக்காட்டுவது ட்ராக்வேர் ஹவுஸ் ஏல். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் இன்னர்லீதன் ஊருக்கு அருகே உள்ள பழமையான மாளிகை ட்ராக்வேர். அதன் 20ஆவது உரிமையாளரான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட், மாளிகையின் ஒரு பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பியர் கூடத்தைக் கண்டு 1965இல் மீண்டும் இயக்கினார். 7.2 சதவீத ஆல்கஹால் கொண்ட இந்த ஏல் இன்றும் ஓக் மரத் தொட்டிகளில் நொதிக்கிறது. பீட் மால்ட் இதில் இல்லை. புதிய புட்டியில் டாஃபியும் பிஸ்கட்டும் முன்னே நிற்கும், முடிவு எதிர்பார்ப்பதைவிட வறண்டிருக்கும். சில ஆண்டுகள் நிலவறையில் வைத்துத் திறந்தால் திராட்சைவற்றலும் ஷெர்ரியும் மேலே வரும். இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைப்பது நடுவர் பயிற்சிகளில் விரும்பிச் செய்யப்படும் பாடம்.